யமுனைக்கு அப்பால் ஓடிய சின்ன ரயில்

டில்லி மாநகரில் யமுனை ஆற்றுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பகுதியை ஜமுனாபார் என்று இவ்வூர் மக்கள் குறிப்பிடுவர். யமுனைக்கு அக்கரை என்பது அதன் பொருள். அக்கரை என்னும்போது குரலில் ஒரு விலகலும், சில வேளைகளில் சிறிது ஏளனமும் கலந்திருப்பதை இங்கே குடியிருக்கும் நாங்கள் நன்கு அறிவோம். 1980களில் மயூர் விஹார் என்னும் குடியிருப்பு எழுந்தபோது, மத்திய அரசு அலுவலகங்களில் பணி புரிந்த தமிழர் பலர் அரசுக் குடியிருப்பையும் வாடகை வீட்டையும் விட்டு இங்கே வந்து சேர்ந்தனர். கோயில் கண்டனர், காய்கறிக் கடையில் முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் கிடைக்கச் செய்தனர். ஆயினும் தாம் வந்து இறங்கிய மண்ணின் பழைய கதையை அவர்கள் கேட்டறிய வாய்ப்பு இருந்ததில்லை. பக்கத்தில் உள்ள பட்பட்கஞ்சில் 1803ஆம் ஆண்டு மராட்டியருக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும் போர் நடந்தது என்பதை அறிந்தவர் சிலர். எங்களுக்கு வடக்கே சில மைல் தொலைவில், ஷாதராவிலிருந்து, 1907 முதல் 1970 வரை ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அறிந்தவர் அதனினும் சிலர்.

அந்த ரயிலின் வரலாற்றையும், அதன் உருவத்தைச் சிறிய அளவில் நாங்கள் ஐந்து குடும்பத்தார் கூடி அமைத்து வரும் முயற்சியையும் இங்கே சொல்ல எண்ணுகிறோம்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் ‘லைட் ரயில்வே’ என்று வழங்குவதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவரை இத்தகைய கேள்வி எளிதில் விடாது. ‘இலகு ரயில்’ என்றால் அகராதிக்குப் பொருந்தும், காதுக்குப் பொருந்தாது. ‘சிற்றிருப்புப் பாதை’ என்றால் இலக்கணம் மகிழும், டிக்கட்டு வாங்க வந்தவர் திகைப்பார். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தார் இத்தகைய பாதைகளை ‘சோட்டி லைன்’ என்றனர். சின்னப் பாதை என்பதே அதன் பொருள். மக்கள் வாயில் நின்ற சொல்லையே நாமும் கொள்ளலாம் என்று கருதிச் சின்ன ரயில் என்றே இக்கட்டுரையில் வழங்குகிறோம்.

சின்ன ரயில் என்பது பெரிய ரயிலைச் சுருக்கி அமைத்த ஒன்று என்று நினைப்பது தவறு. அதன் அடிப்படைக் கணக்கே வேறு. பெரிய பாதைக்குக் கனத்த தண்டவாளம் வேண்டும், மேடு பள்ளங்களை நிரவிய கரை வேண்டும், ஊருக்கு ஊர் கட்டிடம் வேண்டும், சாலை குறுக்கிடும் இடமெல்லாம் கதவும் கதவுக்கு ஓர் ஆளும் வேண்டும். இவ்வளவு முதலை இட்டால் நாளொன்றுக்குப் பல வண்டிகள் ஓடினால்தான் வட்டியாவது கட்டும். நாலு சந்தையும் நாற்பது கிராமமும் உள்ள வட்டாரத்தில் அவ்வளவு போக்குவரத்துக்கு எங்கே போவது? ஆகவே தண்டவாளத்தின் எடையைக் குறைத்தனர். பாதையின் அகலத்தையும் வண்டியின் வேகத்தையும் குறைத்தனர். சாலை ஓரத்தையே கரையாகக் கொண்டனர். இங்கிலாந்தில் இதற்கென்றே 1896ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, கதவு, கைகாட்டி முதலியவற்றில் சிற்றூர்ப் பாதைகளுக்குச் சலுகை அளித்தனர். கர்னல் ஸ்டீஃபன்ஸ் என்னும் பொறியாளர் அச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, பழைய எஞ்சின்களையும் கழித்துப்போட்ட பெட்டிகளையும் வாங்கிப் பல சின்ன ரயில்களை நடத்தினார். 1931இல் அவர் மறைந்தபோது அவற்றில் பல ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தன.

நம் நாடு இந்த விஷயத்தில் இங்கிலாந்துக்காகக் காத்திருக்கவில்லை. பரோடா சமஸ்தானத்தில் மியாகாம் என்னும் இடத்திலிருந்து தபோய் வரை 1862இலேயே இரண்டரை அடி அகலப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதில் வண்டியை இழுத்தவை காளை மாடுகள். தண்டவாளம் எஞ்சினின் எடையைத் தாங்காத அளவுக்கு மெலிந்ததாக இருந்ததால், பாதையைத் திருத்தி 1873இல்தான் நீராவி எஞ்சினை ஓட்டினர். தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஒரு பழைய கதை உண்டு. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை இந்தியன் டிராம்வே கம்பெனியார் 1865இல் மூன்றரை அடி அகலத்தில் ஒரு பாதை போட்டனர். ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டு ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை எண்ணினால் இதன் பழமை விளங்கும். பின்னர் 1878இல் அது மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது.

சின்ன ரயிலை ஒரு முழுமையான பொறியியல் முறையாக்கிய பெருமை எவரார்ட் கால்த்ராப் என்பவரைச் சேரும். சோலாப்பூருக்கு அருகே பார்சி என்னும் ஊருக்கு 1897இல் அவர் அமைத்த இரண்டரை அடிப் பாதையில், எஞ்சினாயினும் பெட்டியாயினும் ஓர் அச்சின் மேல் விழும் சுமை ஐந்து டன்னுக்கு மேற்படக் கூடாது என்று விதித்தார். சுமையைப் பல அச்சுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தால் மெலிந்த தண்டவாளத்தின் மேலும் நிறையச் சரக்கை ஏற்றிச் செல்லலாம் என்பது அவர் கண்ட உண்மை. மாட்டு வண்டிக்காரன் அறிந்த உண்மைதான் அது. ஆனால் அதை அச்சுக்கு அச்சு கணக்கிட்டுச் செயலாக்க ஒரு கால்த்ராப் வேண்டியிருந்தது. இரண்டரை அடி என்னும் அகலம் பின்னர் நாடெங்கும் பரவியதற்குப் பார்சியின் வெற்றி ஒரு முக்கிய காரணம்.

அந்த அகலமே தமிழ்நாட்டுக்கும் வந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. மழை பொய்த்தால் தானியம் கொண்டு சேர்க்க வழியில்லாத வறண்ட தாலுகாக்கள் அவை. பஞ்சத்தின்போது உணவு போய்ச் சேர வேண்டும் என்பதே அந்தப் பாதைகளைப் போட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம். தஞ்சாவூர் ஜில்லா போர்டின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே நெல் விளைந்து குவிந்தது. அதை வெளியே கொண்டு செல்லத்தான் ரயில் தேவைப்பட்டது. மக்களிடமிருந்து ரயிலுக்கென்று சிறு வரி ஒன்றைத் திரட்டி, ஜில்லா போர்டே 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை மீட்டர் பாதை அமைத்தது. தெற்கே திருச்செந்தூர் வட்டாரத்தில் குலசேகரப்பட்டினத்துச் சர்க்கரை ஆலையை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு பாதை ஓடியது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாதைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் மறைந்துபோயின. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு மீண்டும் ரயில் வேண்டும் என்ற கோரிக்கை தலைமுறை தாண்டியும் நீடித்து, 2019இல் அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இனி ஷாதராவுக்கு வருவோம்.

டில்லியின் வரைபடத்தைக் கண் முன் கொண்டுவந்தால் இந்த ரயில் ஏன் தோன்றியது என்பது எளிதில் விளங்கும். யமுனைக்கு மேற்கே பானிப்பட், அம்பாலா வழியாக ஒரு பெரிய பாதை. கிழக்கே வெகு தூரம் தள்ளி, காசியாபாத், மீரட் வழியாக ஸஹாரன்பூருக்கு மற்றொரு பெரிய பாதை. இவ்விரண்டுக்கும் இடையே, யமுனையின் கிழக்குக் கரையை ஒட்டி, நீண்டதொரு நிலப்பரப்பு ரயிலின்றிக் கிடந்தது. அது சாமானிய நிலமன்று. மொகலாயர் காலத்தில் வெட்டப்பட்டுத் தூர்ந்துபோயிருந்த கிழக்கு யமுனைக் கால்வாயை ஆங்கிலேயர் செப்பனிட்டு 1830இல் மீண்டும் திறந்தபின், கரும்பும் கோதுமையும் செழித்த மண் அது. பராவுத், ஷாம்லி முதலிய ஊர்களின் வெல்லச் சந்தைகள் பெயர் பெற்றவை. வெல்லம் மாட்டு வண்டியில் நாட்கணக்காகப் பயணம் செய்தது. மழைக்காலத்தில் அதுவும் இயலாது. நனைந்த வெல்லம் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டது கல்கத்தாவின் மார்ட்டின் கம்பெனி. தாமஸ் அக்வின் மார்ட்டின், ராஜேந்திரநாத் முகர்ஜி ஆகிய இருவரின் கூட்டு முயற்சி அது. கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மாளிகையைக் கட்டியவர்களும் இவர்களே. பளிங்கு மாளிகைக்காகப் பலர் இவர்களை நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் மக்களுக்கு அதிகம் பயன்பட்டவை இவர்கள் போட்ட சின்ன ரயில்களே என்பது எங்கள் கருத்து. ஹௌராவிலிருந்து ஆம்தாவுக்கு 1897இல் தொடங்கிய இவர்களுடைய ரயிலைக் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழர்களில் மூத்தோர் சிலர் பார்த்திருக்கக்கூடும். பீகாரில் ஆராவிலிருந்து சஸாராமுக்கும், ஃபத்துவாவிலிருந்து இஸ்லாம்பூருக்கும் ஓடியவையும் இவர்களுடையனவே.

ஷாதரா – ஸஹாரன்பூர் பாதை 1907இல் திறக்கப்பட்டது. இரண்டரை அடி அகலம், 149 கிலோமீட்டர் நீளம். லோனி, கேக்ரா, பாக்பத், பராவுத், காந்த்லா, ஷாம்லி, தானா பவன், நானௌதா, ராம்பூர் என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். தெற்கு முனையில் ஷாதரா. அங்கிருந்து 1866இல் கட்டி முடித்த யமுனைப் பாலத்தின் வழியாகப் பெரிய ரயில் டில்லிக்குள் நுழையும். சின்ன ரயிலுக்கு அந்தப் பாலத்தில் இடமில்லை. ஆகவே டில்லிக்கு வந்த வெல்லம் டில்லிக்குள் நுழையாமல் அக்கரையிலேயே இறங்கியது. மூட்டை தூக்குவோர் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு அதை மாற்றினர். வடக்கு முனையான ஸஹாரன்பூரிலும் இதே கதை. இந்த இரட்டைச் சுமைமாற்றம் அன்று ஒரு சிறு தொல்லையாகவே தோன்றியிருக்கும். ரயிலின் உயிரை மெல்ல அரித்தவற்றுள் அதுவும் ஒன்று என்பது பின்னரே விளங்கியது.

சின்ன ரயிலைப் பற்றி எங்கு விசாரித்தாலும் ஒரே கதையைக் கேட்கலாம். பிரயாணி ஓடும் வண்டியிலிருந்து இறங்கி, வயலில் கரும்பு ஒடித்துக்கொண்டு, ஓடி வந்து மீண்டும் அதே வண்டியில் ஏறிக்கொள்வாராம். பராவுத் பக்கத்து முதியவர்கள் இதை எங்களுக்குச் சிரிப்போடு சொன்னார்கள். தஞ்சாவூரில் பிறந்த எங்கள் நண்பர் ஒருவர் தம் பாட்டனார் இதையே தம் ஊர் ரயிலைப் பற்றிச் சொன்னதாகக் கூறினார். அங்கே கரும்புக்குப் பதில் வெள்ளரிப் பிஞ்சு. இது வரலாறு அன்று, அன்பு. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் ஓடி ஏறுவது விளையாட்டன்று. ஆனால் பெரிய ரயிலைப் பற்றி எவரும் இப்படி ஒரு கதையைக் கட்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரயில் ஓடிய பாதைக்கு ஏறக்குறைய இணையாகவே சாலையும் சென்றது. சாலையில் முதலில் பஸ் வந்தது, பிறகு லாரி வந்தது. லாரி வெல்லக் கிடங்கின் வாசலுக்கே வரும். ஏற்றிய மூட்டையை நடுவழியில் இறக்காமல் டில்லிச் சந்தையிலேயே கொண்டுபோய் இறக்கும். ரயிலோ பழைய எஞ்சின்களோடும் பழைய கட்டணங்களோடும் போராடியது. நஷ்டம் ஏறிக்கொண்டே போக, 1970 செப்டம்பர் முதல் தேதியோடு ஷாதரா – ஸஹாரன்பூர் ரயில் நிறுத்தப்பட்டது. நான்கு மாதங்கள் கழித்து, 1971 ஜனவரி முதல் தேதியில், அதே கம்பெனியின் ஹௌரா – ஆம்தா ரயிலும் நின்றது. ஆரா – சஸாராம் ரயில் 1978 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷாதராவிலிருந்து ஷாம்லி வழியாக ஸஹாரன்பூருக்குப் பின்னர் அகலப் பாதை போடப்பட்டு, இன்று பெரிய ரயில் ஓடுகிறது. அந்த வட்டார மக்களுக்கு அது நன்மையே. சின்ன ரயில் மீண்டும் வர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள்.

பின் ஏன் அதை மரத்திலும் பித்தளையிலும் செய்து பார்க்க வேண்டும் என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டனர்.

மாதிரி ரயில் என்றால் குழந்தைகளுக்கான பொம்மை என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. வெளிநாடுகளில் அது வரலாற்றைக் கற்கும் ஒரு முறையாக வளர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் அங்கும் பெரிய எக்ஸ்பிரஸ் வண்டிகளையே செய்தனர். இங்கிலாந்தில் ஜான் ஏஹெர்ன் என்பவர் 1930களின் பிற்பகுதியில் அந்த வழக்கத்தை மாற்றினார். கற்பனையான ஒரு சிற்றூர்ச் சின்ன ரயிலை அமைத்து, அதைச் சுற்றி வீடு, கடை, ஆறு, தெரு என்று ஒரு வாழ்க்கையையே உருவாக்கினார். மாடர் வேலி என்னும் அந்த அமைப்பு ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே பெண்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ரயிலை விட ரயில் சென்ற ஊர் முக்கியம் என்பதை அவர் உணர்த்தினார். நம் நாட்டில் புனேயில் ஜோஷி குடும்பத்தார் 1998இல் திறந்த சிறு ரயில் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கு வாழும் தமிழ் அன்பர்கள் குழந்தைகளோடு ஒருமுறை சென்று வரலாம்.

டில்லியில் சாணக்கியபுரியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் முயற்சிக்கு வித்தும் அங்கேதான் விழுந்தது. பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயிலை அங்கே காணலாம். ஷாதரா ரயில் பிறந்த அதே 1907இல் பிறந்து, 1927இல் நின்றுபோன விசித்திரப் படைப்பு அது. சுமை முழுவதும் ஏறக்குறைய ஒரே தண்டவாளத்தின் மேல் நிற்க, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்கும். மன்னரிடம் மிகுதியாக இருந்த கோவேறு கழுதைகளைக் கொண்டு இழுக்கலாம் என்பதும் அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. பின்னர் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் – கோப்பல் கம்பெனி எஞ்சின்கள் வந்தன. விசித்திரமானது என்பதால் அது காப்பாற்றப்பட்டது. ஊட்டி, டார்ஜிலிங், சிம்லா ரயில்கள் அழகானவை என்பதால் காப்பாற்றப்பட்டு, உலக மரபுச் சின்னங்களாகவும் போற்றப்படுகின்றன. சமவெளியில் வெல்லத்தையும் நெல்லையும் சுமந்த ரயிலுக்கு விசித்திரமும் இல்லை, மலையழகும் இல்லை. உழைத்தது என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. அது மறக்கப்படுவது எங்களுக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

எந்த ரயிலைச் செய்வது என்பதில் கடும் விவாதம் எழுந்தது. எங்களுள் ஒரு பெரியவர் தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்தவர். மொரப்பூர் ரயிலையே செய்ய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். “ஊரை விட்டு வந்தோம், ஊர் ரயிலையும் விட்டுவிடுவதா?” என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், “மாமா, உங்களுக்கு அது ஊர். எனக்கு ஷாதராதான் ஊர். என் ஊர் ரயிலை யார் செய்வது?” என்று கேட்டாள். கூடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் எழாத வீடு இராது. ஊர்த் திருவிழாவுக்குப் போவதா, இங்கே தேர்வுக்குப் படிப்பதா என்று வரும். வீட்டில் பேசும் மொழியைப் பற்றி வரும். எங்களுக்கு அது ரயில் வடிவில் வந்தது.

வழக்கைத் தீர்த்தது அளவுகோல். மொரப்பூர்ப் பாதையின் அகலமும் இரண்டரை அடி, ஷாதராப் பாதையின் அகலமும் இரண்டரை அடி. ஒன்றுக்காகச் செய்த பெட்டி மற்றொன்றிலும் ஓடும். முதலில் ஷாதரா, பிறகு அதே தடத்தில் ஓட மொரப்பூர்ப் பெட்டிகள் என்று பெரியவர் இசைந்தார். இசைந்ததோடு நில்லாமல் தச்சு வேலை முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

கணக்கைச் சிறிது விளக்குவது நலம். ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்பது உலகெங்கும் வழங்கும் அளவுகளில் ஒன்று. அதாவது உண்மைப் பொருளில் 87இல் ஒரு பங்கு. இந்த அளவில் இரண்டரை அடிப் பாதை ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒன்பது மில்லிமீட்டர்த் தடமோ, இதை விடச் சிறிய வேறோர் அளவில் பெரிய ரயிலுக்கென்று கடைகளில் கிடைப்பது. ஆகவே அந்தச் சிறிய எஞ்சினின் மோட்டாரையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு, மேலே நம் சின்ன ரயிலின் உடலைப் பொருத்திவிடலாம். ஐரோப்பாவில் 1950, 60களில் இவ்வழியைக் கண்டபின்தான் சாமானியர் வீட்டிலும் சின்ன ரயில் மாதிரிகள் பெருகின.

இதே அளவில் ஷாதராவிலிருந்து ஸஹாரன்பூர் வரை முழுப் பாதையையும் அமைத்தால் 1,700 மீட்டருக்கு மேல் போகும். எங்கள் அடுக்ககத்தின் கூடத்திலிருந்து புறப்பட்டால் கடைத்தெருவைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும். எனவே ஷாதரா முனையம், கால்வாய்ப் பாலம் உள்ள ஒரு வயல்வெளி, பராவுத் சந்தை, ஸஹாரன்பூர் முனையம் என்று நான்கு பலகைகளாக வகுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் நான்கடி நீளம். விழா நாட்களில் ஒன்று சேர்த்து ஓட்டலாம், மற்ற நாட்களில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

தண்டவாளத்தை நாங்களே பதித்தோம். சிலீப்பர் கட்டைகளுக்குத் தீக்குச்சியை விடப் பொருத்தமான பொருள் கிடைக்கவில்லை. ஐந்தடிக் கட்டை எங்கள் அளவில் பதினேழரை மில்லிமீட்டர். மருந்தைக் கிள்ளிவிட்டால் ஒரு குச்சியில் இரண்டு கட்டைகள் வரும். தேநீர்ச் சாற்றில் ஊறவைத்தால் பழைய மரத்தின் நிறம் ஏறும். பித்தளைக் கம்பியும் தகடும் சாவ்டி பஜாரில் வாங்கினோம். சிறு மோட்டாரும் மின்கம்பியும் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைத்தன. டில்லியின் தட்பவெப்பம் ஒரு தனிப் பாடம். ஜனவரிக் குளிருக்கும் ஜூன் வெயிலுக்கும் நாற்பது டிகிரி வேறுபாடு. ஒரு மீட்டர்ப் பித்தளை அந்த வேறுபாட்டுக்கு முக்கால் மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் அந்த அளவு இடைவெளி விட்டோம். உண்மைப் பாதையிலும் இதே காரணத்துக்காகத்தான் இடைவெளி விட்டனர் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்காமலே தெரிந்துகொண்டனர். ஆடி, ஆவணி ஈரத்தில் பிளைவுட் உப்பும். அதற்கு நாலு பக்கமும் வார்னிஷ் பூச வேண்டும்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது எங்கள் அளவில் வினாடிக்கு எட்டு சென்டிமீட்டர். கடையில் வாங்கும் எஞ்சின் இதைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் பாய விரும்புகிறது. பிள்ளைகளும் அதையே விரும்புகின்றனர். நான்கடிப் பலகையைக் கடக்கப் பதினைந்து வினாடி பிடிக்கும் வண்டியைப் பொறுமையாகப் பார்க்கப் பழகினால், அக்காலத்துப் பயணியின் நேரக்கணக்கு சிறிது புலப்படுகிறது.

எந்த ஆண்டைக் காட்டுவது என்பது அடுத்த வினா. சிலர் 1907ஆம் ஆண்டின் புதுமையைக் காட்ட விரும்பினர். நெடிய பேச்சுக்குப் பின் 1960களின் ஒரு குளிர்காலக் காலைப்பொழுது என்று முடிவு செய்தோம். கரும்பு வெட்டி, காய்ச்சி, வெல்லம் சந்தைக்கு வரும் பருவம் அது. ரயிலும் உயிரோடிருந்த காலம், சாலையில் லாரியும் வந்துவிட்ட காலம். பராவுத் பலகையில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சாலை ஒன்றை அமைத்தோம். அதில் மாட்டு வண்டி எத்தனை, லாரி எத்தனை என்பதில் மீண்டும் தகராறு. தச்சு வேலை செய்யும் பெரியவர் ஒரு லாரிக்கு மேல் கூடாது என்றார். ரயிலைக் கொன்றதை அழகு செய்து வைப்பானேன் என்பது அவர் வாதம். எங்களுள் வேறு சிலர், லாரி இல்லாமல் காட்டினால் ரயில் ஏதோ விதிவசத்தால் மறைந்தது போலத் தோன்றும், அது உண்மைக்கு மாறு என்றனர். வெல்ல வியாபாரி லாரியைத் தேர்ந்தெடுத்தார். அவர் தேர்ந்தெடுத்ததில் பிழையில்லை. ஆனால் சுமைமாற்றத்தில் கூலி பெற்ற தொழிலாளிக்கும், கூடை முட்டைகளோடு மூன்றாம் வகுப்பில் ஏறிய பெண்ணுக்கும் லாரியில் இடமிருக்கவில்லை. இவ்விரண்டும் ஒரே பலகையில் தெரிய வேண்டும் என்பது எங்களுள் பெரும்பாலோர் எண்ணம். இறுதியில் மூன்று லாரிகள் நின்றன. ஒன்றின் மேல் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கின்றனர். அதற்கு நேர் எதிரே சின்ன ரயிலின் சரக்குப் பெட்டி, கதவு திறந்து, காலியாக நிற்கிறது.

பிற நகரங்களில் வாழும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கும் ஊருக்கு அருகிலும் ஒரு சின்ன ரயில் ஓடியிருக்கும். பெங்களூரில் இருப்போர்க்குச் சிக்பள்ளாப்பூர்ப் பாதையும், தங்கவயல் தமிழர்களுக்கு பங்காருப்பேட்டை – கோலார் பாதையும் உண்டு. இரண்டும் சின்ன ரயிலாகத் தொடங்கியவை. நாகபுரியில் குறுகிய பாதைக்கென்றே 2002இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பரோடாவில் இருப்போர் தபோய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். வயதானவர்களிடம் அந்த ரயிலைப் பற்றிக் கேட்டால், அந்த ஊர் மொழி நமக்குச் சரளமாக வராவிட்டாலும், அவர்கள் பேசுவதை நிறுத்த மாட்டார்கள். பராவுத்தில் எங்கள் அரைகுறை ஹிந்தி யாருக்கும் தடையாக இருக்கவில்லை. மூன்றாம் முறை சென்றபோது எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த வெல்லத்தைக் கொடுத்தனுப்பினார்கள்; அவ்வாண்டு எங்கள் பொங்கல் அந்த வெல்லத்தில்தான் வெந்தது.

டில்லியில் மெட்ரோ ரயில் முதன்முதலாக 2002 டிசம்பரில் ஓடியபோது, அது புறப்பட்ட இடங்களில் ஒன்று ஷாதரா. சின்ன ரயிலை யமுனைப் பாலம் தாண்டவிடாத அதே ஷாதராவிலிருந்து புது ரயில் ஆற்றைத் தாண்டித் தீஸ் ஹஜாரி வரை சென்றது. மயூர் விஹாருக்கு மெட்ரோ 2009இல் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் அதுதான். ஆகவே ஷாதராப் பலகையின் ஓரத்தில் மெட்ரோத் தூண் ஒன்றையும் வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1960களின் காட்சியில் அதற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டோம்.

இப்போது மூன்று பலகைகள் முடிந்திருக்கின்றன. ஸஹாரன்பூர்ப் பலகையில் சுமைமாற்றும் கொட்டகையின் கூரை வேலை நடக்கிறது. அங்கே அடுக்குவதற்குச் சிறு மூட்டைகள் முந்நூறு வேண்டும். மாலை வேளைகளில் பெண்மணிகள் பழைய வேட்டித் துணியில் ரவையை நிரப்பி அவற்றைத் தைக்கின்றனர். அருகில், அடுத்த முறைக்கென்று, பெரியவர் மொரப்பூர் வண்டிக்கான முதல் பெட்டியின் அடிப்பலகையை உப்புத்தாள் போட்டு இழைத்துக்கொண்டிருக்கிறார்.